இரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் அமைந்திருக்கிறது. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காட்டைச் சூழ்ந்த சேர்வராயன் மலையிலுள்ள சிற்றூர்களுள் ஒன்று கரடியூர். அம்மலைப் பகுதியில் வாழ்வோருக்கு மேட்டில் ஏறுவதும் பள்ளத்தில் இறங்குவதும் அன்றாட வாழ்க்கை. காப்பித் தோட்டத்துச் சரிவுகளில் காலை முதல் மாலை வரை நடப்பவருக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை.

அத்தகைய ஒருவரை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வயது 42. காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. பருத்த உடம்பு இல்லை. புகை பிடிக்கும் பழக்கமும் இல்லை. ஊருக்கு வந்த மருத்துவ முகாமில் அவருடைய இரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள். கருவி 154-க்கு 96 என்று காட்டுகிறது. அவர் திடுக்கிட்டுப் போகிறார். பத்து நாள் கழித்து வேறோரிடத்தில் அளக்கும்பொழுது 122-க்கு 78 என்று வருகிறது. இரண்டில் எது உண்மை? கருவி பொய் சொல்லிற்றா? அல்லது நலமாக இருக்கும் மனிதனின் இரத்த அழுத்தம் இவ்வாறு எதிர்பாராமல் மாறுவதும் உண்டா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில், இரத்த அழுத்தம் என்பது யாது என்று தெரிந்துகொள்வோம். இதயம் ஒரு நிமிடத்தில் சுமார் 70 முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு முறை சுருங்கும்பொழுதும் இரத்தத்தை உந்தித் தமனிகளுக்குள் தள்ளுகிறது. அந்த இரத்தம் தமனியின் சுவர்மீது செலுத்தும் விசையே இரத்த அழுத்தம். இதயம் சுருங்கும் நேரத்தில் அழுத்தம் உச்சத்தை அடைகிறது. அதனை மேல் அளவு என்கிறோம். இதயம் தளர்ந்து ஓய்வு கொள்ளும் நேரத்தில் அது தாழ்கிறது. அதனைக் கீழ் அளவு என்கிறோம். 120-க்கு 80 என்றால், மேல் அளவு 120 மில்லிமீட்டர் பாதரசத்தையும், கீழ் அளவு 80 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாங்கி நிறுத்த வல்லது என்பது பொருள்.

இதனை முதன்முதலில் நேரே அளந்து காட்டியவர் மருத்துவர் அல்லர்; ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். செடிகளின் தண்டில் நீர் எவ்வளவு விசையோடு ஏறுகிறது என்று ஆராய்ந்து வந்தவர் அவர். விலங்குகளின் உடலிலும் அதே கேள்வியை எழுப்பினார். ஒரு பெண்குதிரையைத் தரையில் கிடத்திக் கட்டி, அதன் தொடைத் தமனியில் ஒரு சிறு பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயை இணைத்தார். இரத்தம் 8 அடி 3 அங்குல உயரத்திற்கு ஏறி நின்றது. இச்செய்தியை 1733-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

மாணவர்கள் இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனமானது. இரத்தமோ நீரைவிடச் சற்றே கனமானது. ஆகவே 8 அடி 3 அங்குல இரத்தம் என்பது ஏறத்தாழ 190 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். அமைதியாக நிற்கும் குதிரையின் சராசரி அழுத்தம் இதைவிட மிகவும் குறைவு. கட்டுண்டு கிடந்த விலங்கின் அச்சமும் வலியும் அந்த உயரத்தில் கலந்திருந்தன என்று கொள்வது பொருந்தும். உலகில் முதன்முதலாக அளக்கப்பட்ட இரத்த அழுத்தமே ஓர் அஞ்சிய உயிரின் அழுத்தமாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மேஸ்திரியின் கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

தமனியை அறுக்காமல் அளக்கும் வழி நெடுங்காலம் கழித்தே பிறந்தது. 1896-இல் இத்தாலி நாட்டு ரிவா ரோச்சி, கையின் மேற்பகுதியில் காற்றுப் பட்டையைச் சுற்றி அழுத்தும் முறையைக் கண்டார். 1905-இல் ரஷ்ய நாட்டு மருத்துவர் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே குழலை வைத்துக் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் ஒலியால் பிரித்தறிந்தார். அம்முறையே உலகெங்கும் பரவியது. பாதரசம் நச்சுப்பொருள் ஆதலால் இப்பொழுது பாதரசக் கருவிகள் மெல்ல மறைந்து, மின்கருவிகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால் அளவைச் சொல்லும்போது இன்றும் பாதரசத்தின் பெயராலேயே சொல்கிறோம்.

இனி, நம் மேஸ்திரியின் ஒரு நாளைப் பின்தொடர்ந்து செல்வோம். இரவில் அவர் ஆழ்ந்து உறங்குகிறார். அப்பொழுது அவருடைய அழுத்தம் பகல் அளவைவிட நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை தாழ்ந்திருக்கிறது. விடியும் தறுவாயில், எழுந்திருப்பதற்கு உடல் ஆயத்தமாகும்பொழுது, அது மெல்ல உயரத் தொடங்குகிறது. கதவைத் திறந்து வெளியே வருகிறார். மார்கழிக் குளிர் முகத்தில் அடிக்கிறது. குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. குறுகிய குழாய்களின் வழியே அதே இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால் அழுத்தம் மேலும் ஏறுகிறது. பொதுவாகக் குளிர்காலத்தில் மக்களின் இரத்த அழுத்தம் கோடைக் காலத்தைவிடச் சற்று மிகுந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து அவர் காப்பி அருந்துகிறார். 1820-களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார். அன்று தொட்டு அது அம்மலையின் செல்வமாக விளங்கி வருகிறது. காப்பியிலுள்ள காஃபின் என்னும் பொருள் அரைமணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இரத்த அழுத்தத்தை ஐந்து முதல் பத்து மில்லிமீட்டர் வரை உயர்த்தக்கூடும். நாள்தோறும் அருந்துவோரின் உடல் அதற்குப் பழகிவிடுவதால் ஏற்றம் குறைவு. எப்போதாவது அருந்துவோருக்கு மிகுதி.

பிறகு அவர் சரிவில் ஏறுகிறார். ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தை உந்தும் இதயம், கடும் உழைப்பில் 20 லிட்டர் வரை உந்த வேண்டியதாகிறது. மேல் அளவு 180, 200 என்று ஏறினாலும் வியப்பில்லை. வேலை செய்யும் தசைகளுக்கு இரத்தம் வேண்டும் அல்லவா? மூச்சை அடக்கிப் பெருஞ்சுமையைத் தூக்கும் நொடியில் அது இன்னும் ஏறும். எடை தூக்கும் வீரர்களின் தமனிக்குள்ளேயே அளந்து பார்த்த கனடா நாட்டு ஆய்வாளர்கள், 300-க்கும் மேற்பட்ட அளவுகளைக் கண்டு 1985-இல் வெளியிட்டனர். உழைப்பு நின்றதும் இந்த ஏற்றம் விரைவில் தணிகிறது. அதோடு நில்லாமல், அடுத்த சில மணி நேரத்துக்கு முன்னிருந்ததைவிடச் சற்றுத் தாழ்ந்தும் நிற்கிறது. நடப்பதும் உழைப்பதும் இரத்த அழுத்தத்துக்கு நல்லவை என்று சொல்வதன் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று.

தோட்டத்தின் வளைவில் திடீரென்று ஒரு காட்டெருது எதிர்ப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அல்லது ஊரின் பெயரிலேயே இருக்கும் கரடியே வந்து நிற்கட்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அந்தக் கணமே அட்ரினலினைப் பொழிகின்றன. இதயம் படபடக்கிறது, அழுத்தம் குதித்தேறுகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடல் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. இது நோயன்று, உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் வெள்ளை அங்கி அணிந்த மருத்துவரைக் கண்டாலும் அதே சுரப்பிகள் அதே வேலையைச் செய்துவிடுகின்றன. தமனியின் உள்ளே இடைவிடாது அளந்துகொண்டிருந்த நோயாளிகளிடம் ஒரு மருத்துவர் வந்து நின்றபொழுது, மேல் அளவு உச்சத்தில் சராசரியாக 27 மில்லிமீட்டர் உயர்ந்ததை இத்தாலிய அறிஞர் மான்சியாவும் அவர் குழுவினரும் 1983-இல் கண்டறிந்தனர். மருத்துவமனையில் மட்டும் உயர்ந்து, வீட்டில் சரியாக இருக்கும் இந்நிலையை வெள்ளை அங்கி இரத்த அழுத்தம் என்பர். இவ்வகையினருள் சிலருக்குப் பிற்காலத்தில் உண்மையான மிகை அழுத்தம் வரக்கூடும் என்பதால், அவர்கள் அவ்வப்பொழுது அளந்துவருவது நலம்.

இவ்வளவு மாறுதலுக்கும் இடையே உடல் எப்படி நிலைகுலையாமல் இருக்கிறது? கழுத்தில் தலைக்குச் செல்லும் தமனி பிரியும் இடத்திலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் நுண்ணிய நரம்பு நுனிகள் காவல் இருக்கின்றன. குழாய்ச் சுவர் விரிவதையும் தளர்வதையும் அவை உணர்ந்து, நொடிதோறும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை அதற்கேற்ப இதயத்தைத் தளர்த்துகிறது அல்லது முடுக்குகிறது. குழாய்களை விரிக்கிறது அல்லது சுருக்குகிறது. நாம் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கும்பொழுது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்குகிறது. இக்காவலர்கள் சில நொடிகளில் சரிசெய்யாவிட்டால் தலை சுற்றும், கண் இருளும்.

பள்ளிக்கூடத்து இறைவணக்கக் கூட்டத்தில், வெயிலில் அசையாமல் நிற்கும் மாணவர் ஒருவர் மயங்கி விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நிகழ்வது அழுத்தத்தின் திடீர் வீழ்ச்சியே. கால் தசைகள் அசையும்பொழுது நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நின்றால் அந்த உதவி கிட்டுவதில்லை. காலை உணவு உண்ணாமலும் நீர் அருந்தாமலும் வந்திருந்தால் வீழ்ச்சி எளிதாகிறது. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தக் கூடாது. படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் விரைவில் தெளிந்துவிடுவார். இதே காரணத்தால், மலைக்குளிரில் வாழ்பவர் சித்திரை வெயிலில் சேலத்துக்கு இறங்கி நாள் முழுதும் அலைந்தால் தளர்ச்சியும் தலைசுற்றலும் தோன்றலாம். வெப்பத்தால் தோலின் குழாய்கள் விரிகின்றன, வேர்வையால் நீரும் உப்பும் வெளியேறுகின்றன, அழுத்தம் தாழ்கிறது. இரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை உண்போர் இதில் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

மலையின் உயரமே அழுத்தத்தை ஏற்றிவிடாதா என்று சிலர் கேட்பர். 2,500 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் காற்றிலுள்ள பிராணவாயுவின் குறைவு உடலைத் தூண்டி அழுத்தத்தை உயர்த்துவது உண்மை. ஏற்காட்டின் உயரத்தில் அந்த விளைவு மிகச் சிறிது. மலைக்கு வந்த முதல் நாளில் அளவு உயர்ந்திருந்தால், பயணக் களைப்பையும் தூக்கக் குறைவையும் குளிரையும் முதலில் ஐயுறுவது தகும்.

அளக்கும் முறையில் நேரும் தவறுகளும் பல. பேசிக்கொண்டே இருந்தால் அளவு உயரும். கால்மேல் கால் போட்டிருந்தால் உயரும். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தால் உயரும். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் உயர்வாகவே காட்டும். கை இதயத்தின் மட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால், அந்த இரத்தப் பத்தியின் எடையே 7 அல்லது 8 மில்லிமீட்டரைக் கூட்டிவிடும். நம் மேஸ்திரி முகாமுக்கு மேட்டில் விரைந்து ஏறி வந்தார். வழியில் காப்பி குடித்தார். வரிசையில் நின்று, அமர்ந்த உடனேயே கையை நீட்டினார். 154 என்று வந்ததில் வியப்பென்ன?

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் கவலை இல்லை' என்று எழுந்து போய்விடக் கூடாது. இதே கதைக்கு மறுபக்கமும் உண்டு. மருத்துவமனையில் 128 என்று காட்டி, வேலையிடத்திலும் வீட்டிலும் 150-இல் நிற்கும் மனிதர்களும் இருக்கிறார்கள். இதனை மறைந்திருக்கும் மிகை அழுத்தம் என்பர். சுறுசுறுப்பாக உழைப்பவர்களிடமும் இது உண்டு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, நடையில் தளர்ச்சி இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் தமனிகள் தடிக்கின்றன. இதயத்தின் சுவர் பருக்கிறது. சிறுநீரகங்கள் மெல்லத் தேய்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியானபொழுது, 20 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் மிகை இரத்த அழுத்தம் இருப்பதாகத் தெரிவித்தது. உழைக்கும் உடம்பு இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும், அறவே தடுத்துவிடாது.

அலட்சியம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் அழுத்தம் 1937-இல் 162-க்கு 98 ஆக இருந்தது. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறுவது இயற்கை என்று எண்ணிய காலம் அது. 1944 மார்ச்சு மாதத்தில் இதய மருத்துவர் ஒருவர் அளந்தபொழுது 186-க்கு 108. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் தலை கடுமையாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அழுத்தம் 300-ஐத் தொட்டிருந்தது. மூளையில் இரத்தக் குழாய் வெடித்து அன்றே உயிர் நீத்தார். அவருக்கு வயது 63. அவர் காலத்தில் நோய் தெரிந்தும் தகுந்த மருந்து இல்லை. நான்கே ஆண்டுகளில், 1949-இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் மிகை அழுத்தத்தைத் தணிப்பதைப் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதி உலகின் கவனத்தை ஈர்த்தார். இன்று அதனினும் சிறந்த, தீங்கு குறைந்த மருந்துகள் பல உள்ளன. ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டாதது இன்று ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஏழைக்கும் கிட்டுகிறது.

இதுவரை சரியாக இருந்த அழுத்தம் உண்மையிலேயே உயர்ந்துவிட்டது என்றால், காரணத்தைத் தேட வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்து வரும் உப்பு முதற்காரணம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம்மவர் அதைவிட மிகுதியாகவே உண்கிறோம். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும், மூக்கடைப்பு மருந்துகளும் அழுத்தத்தை உயர்த்தும். இருமலுக்கு நல்லதென்று நாள்தோறும் மிகுதியாக அதிமதுரம் உண்பதும் அவ்வாறே. அது உடலில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது. மதுவும் ஒரு காரணம். உரத்த குறட்டையோடு இரவில் மூச்சு நின்று நின்று வருவதும் ஒரு காரணம். சிறுநீரக நோய்களும் உண்டு. மிக அரிதாக, அட்ரினல் சுரப்பியில் கட்டி தோன்றி, திடீர்த் தலைவலியும் வேர்வையும் படபடப்பும் சேர்ந்து வர, அழுத்தம் விட்டுவிட்டு வெகுவாக ஏறுவதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் பணி.

நாம் செய்ய வேண்டியது சரியாக அளந்து எழுதி வைப்பது. அளப்பதற்கு முன் அரைமணி நேரம் காப்பி, புகை, கடும் உழைப்பு ஆகியவை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் மேசைமீது வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளக்க வேண்டும். காலையும் மாலையும் ஏழு நாட்கள் இவ்வாறு அளந்து, முதல் நாள் அளவை நீக்கி, மற்றவற்றின் சராசரியைக் காண வேண்டும். அது 135-க்கு 85 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். மருத்துவமனையில் அளக்கும்பொழுது அந்த எல்லை 140-க்கு 90. அழுத்தம் 180-க்கு 120-ஐத் தாண்டி, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கைகால் மரத்தல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்றும் இருந்தால் ஏழு நாள் காத்திருக்கலாகாது. உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும். ஒருநாள் அளவு நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் ஆபத்து. அந்த நல்ல அளவை மாத்திரையே தந்திருக்கும்.

மலைச் சிற்றூர்களில் இருப்போருக்கு மருத்துவமனைக்கு அடிக்கடி செல்வது எளிதன்று. நாட்கூலியை இழந்து ஒருநாள் இறங்கி வர வேண்டும். இக்குறையை உணர்ந்தே தமிழ்நாடு அரசு, மிகை அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டு சேர்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தை 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது.

நம் மேஸ்திரியிடம் திரும்புவோம். 154-உம் உண்மை, 122-உம் உண்மை. முன்னது மேடேறி வந்து பதற்றத்தோடு அமர்ந்தவரின் அழுத்தம். பின்னது இளைப்பாறியவரின் அழுத்தம். அவர் நோயாளியா இல்லையா என்பதை அவ்விரண்டில் எதுவும் தனியே தீர்மானிக்காது. ஏழு நாள் எழுதிய தாள்தான் தீர்மானிக்கும். அந்தத் தாளை எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், தேவையின்றி மருந்து உண்பவர் குறைவர். தேவை இருந்தும் அறியாமல் திடீரென்று சாய்பவரும் குறைவர். உங்கள் தந்தையாருக்கும் தாயாருக்கும் கடைசியாக எப்பொழுது அளந்தார்கள் என்று இன்று மாலை கேட்டுப் பாருங்கள்.